நள்ளிரவில் +1 என்று போன் அடித்தால்: எம்.எஃப்.ஏ. முடிவுக்குக் காத்திருப்பவர்களுக்கு

பிப்ரவரி மாதம், இரவு 1.40. போன் அதிர்ந்தது. +1 என்று தொடங்கும் எண். பார்சல் கஸ்டம்ஸில் நிற்கிறது, உடனே பணம் கட்டுங்கள் என்று மிரட்டும் மோசடி அழைப்புகள் அந்த வாரம்தான் இரண்டு வந்திருந்தன. கட் செய்துவிட்டுத் திரும்பிப் படுத்தேன். மறுபடி அடித்தது. மறுபடி கட். காலையில் மெயிலைத் திறந்தால் நான் விண்ணப்பித்திருந்த துறையின் இயக்குநர் எழுதியிருக்கிறார்: இரண்டு முறை அழைத்தேன், கிடைக்கவில்லை, ஒரு நல்ல செய்தி, எப்போது பேசலாம்?

அதற்கு முந்தைய வருடம் ஒன்பது இடங்களுக்கு விண்ணப்பித்து ஒன்பதிலும் இல்லை என்று வந்தது. ஆக, இரண்டு பருவம் காத்திருந்தவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் படைப்பெழுத்து முதுகலைக்கு, அதாவது எம்.எஃப்.ஏ.வுக்கு, முதல்முறை விண்ணப்பம் அனுப்பிவிட்டு நகம் கடித்துக்கொண்டிருப்பவர்களுக்கான குறிப்புகள் இவை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் காத்திருப்பது ஒரு செய்திக்கு அல்ல, இரண்டு செய்திகளுக்கு. இடம் கிடைத்ததா என்பது ஒன்று. பணத்தோடு கிடைத்ததா என்பது இன்னொன்று. முதல் செய்தி வந்ததும் வீட்டில் கேசரி கிண்டிவிடுவார்கள். நீங்கள் இரண்டாவதற்காகப் பொறுத்திருக்க வேண்டும்.

எதற்குக் காத்திருக்கிறோம்

எம்.எஃப்.ஏ. என்பது இரண்டு அல்லது மூன்று வருடப் படிப்பு. கதை, கவிதை, சில இடங்களில் புனைவல்லாத உரைநடை. 1936இல் தொடங்கிய அயோவா ரைட்டர்ஸ் வொர்க்‌ஷாப்தான் இந்தப் பட்டத்துக்கு முன்னோடி. கூட்டமும் அங்கேதான் அதிகம். கதைக்கும் கவிதைக்கும் சேர்த்து வருடத்துக்கு ஐம்பது பேர் அளவில் எடுக்கிறார்கள். மற்ற இடங்கள் இன்னும் சின்னவை. கார்னெலில் எட்டுப் பேர். சிரக்யூஸில் கதைக்கு ஆறு, கவிதைக்கு ஆறு. விண்ணப்பங்களோ நூற்றுக்கணக்கில். நன்றாக எழுதுகிறவர்களில் பெரும்பாலோருக்கு இடம் கிடைக்காது என்பது இந்த எண்களிலேயே இருக்கிறது.

'அசோகமித்திரன் அயோவா போனாரே, அதுவா?' என்று சொந்தக்காரர் யாராவது கேட்பார். அது இல்லை. 1970களில் அவர் போனது இன்டர்நேஷனல் ரைட்டிங் புரோகிராம். 1967இல் அதே ஊரில், அதே பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. ஏற்கெனவே பெயர் எடுத்த எழுத்தாளர்களைச் சில மாதங்களுக்கு அழைப்பார்கள், பட்டம் கிடையாது. வொர்க்‌ஷாப்பில் மாணவராகச் சேர்ந்து ஆங்கிலத்தில் எழுத வேண்டும். 2024இல் பெண்களுக்கான புனைவு விருதான விமன்ஸ் பிரைஸைப் பெற்ற, ஈழத் தமிழ்ப் பின்னணி கொண்ட வி.வி. கணேசானந்தன் அந்த வொர்க்‌ஷாப்பில் படித்தவர். இப்போது மின்னசோட்டாவின் எம்.எஃப்.ஏ.வில் கற்பிக்கிறார். தமிழிலிருந்து மொழிபெயர்ப்பதுதான் உங்கள் பலம் என்றால், இலக்கிய மொழிபெயர்ப்புக்கென்றே தனி எம்.எஃப்.ஏ.வும் அயோவாவில் உண்டு.

அனுப்பிய கையோடு செய்ய வேண்டியது

கடைசித் தேதிகள் பெரும்பாலும் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவுக்குள் முடிந்துவிடும். சப்மிட் பட்டனை அழுத்தியதும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒரு போர்ட்டல் லாகின் தரும். அதில் என்னென்ன வந்துசேர்ந்தன, எது வரவில்லை என்று ஒரு பட்டியல் இருக்கும். முதல் இரண்டு வாரம் அதை நாளுக்கு ஒருமுறை பாருங்கள்.

வழக்கமாக மாட்டிக்கொள்வது பரிந்துரைக் கடிதம். நம் பேராசிரியருக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு லிங்க் போகும், அது ஸ்பேமில் விழும், அவர் பார்க்கமாட்டார். 'அனுப்பிட்டேன்பா' என்பார். அவர் அனுப்பியது வேறு பல்கலைக்கழகத்துக்கு. நேரில் போய், பக்கத்தில் உட்கார்ந்து, மெயிலைத் தேடிக் கொடுப்பது ஒன்றுதான் எனக்குப் பலித்த வழி. கடைசித் தேதி தாண்டியும் சில நாள்வரை பரிந்துரைக் கடிதத்தை ஏற்கும் இடங்கள் உண்டு. துறை அலுவலகத்துக்கு ஒருவரி மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது பெயர். தமிழர்களுக்கென்றே வாய்த்த தலைவலி. மார்க்‌ஷீட்டில் 'எஸ். கார்த்திக்', பாஸ்போர்ட்டில் 'கார்த்திக் சுப்பிரமணியன்', விண்ணப்பத்தில் வேறொன்று. இன்னும் மோசம், பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருப்பது. அப்படி இருந்தால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய்விடும், முன்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று அடிப்பார்கள். முன்பெயர் தெரியவில்லை என்று அதற்கு அர்த்தம். அங்கே போய் வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றிலும் அது உங்களைத் துரத்தும். காத்திருக்கும் மூன்று மாதம் பாஸ்போர்ட்டைத் திருத்த நல்ல சமயம். ஆனால் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தை வாங்கிய பிறகு பெயரை மாற்றினால் அதையும் மாற்ற வேண்டிவரும், ஆகவே இப்போதே.

அப்புறம் டிரான்ஸ்கிரிப்ட், அதாவது பல்கலைக்கழகம் தரும் மதிப்பெண் பட்டியல். விண்ணப்பத்துக்கு ஸ்கேன் போதும் என்பார்கள். இடம் கிடைத்தபிறகு சீல் வைத்த உறை கேட்பார்கள். நம் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் அது கிடைக்க வாரக்கணக்காகும். ஜனவரியிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். வீணானாலும் சில ஆயிரம் ரூபாய்தான்.

ஒரு வேலையைச் செய்யவே கூடாது: அனுப்பிய கதையைத் திரும்பப் படிப்பது. மூன்றாம் பக்கத்தில் ஒரு எழுத்துப் பிழை இருக்கும். கண்டிப்பாக இருக்கும். அதற்காக மெயில் போட்டு 'திருத்திய பிரதி' அனுப்பாதீர்கள். எழுத்துப் பிழைக்காக யாரையும் நிராகரிப்பதில்லை. அதைவிடப் பெரிய காரணங்கள் அவர்களிடம் இருக்கின்றன.

எப்போது வரும், எப்படி வரும்

முதல் அழைப்புகள் ஜனவரி கடைசியிலோ பிப்ரவரி தொடக்கத்திலோ ஆரம்பிக்கும். பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை உச்சம். இல்லை என்ற கடிதங்கள் மார்ச்சில் கொத்தாக வரும், சில ஏப்ரல்வரை இழுக்கும்.

நல்ல செய்தியைப் பெரும்பாலும் துறை இயக்குநரோ ஆசிரியர் ஒருவரோ போனில் சொல்வார். சிலர் மெயிலில் எழுதுவார்கள். கெட்ட செய்தி போனில் வராது. 'உங்கள் விண்ணப்பத்தின் நிலை மாறியிருக்கிறது, போர்ட்டலில் பாருங்கள்' என்று ஒரு மெயில் வரும். அதைப் பார்த்ததும் வயிற்றில் புளி கரையும். அதே வாசகம் நல்ல செய்திக்கும் வருவதுண்டு, ஆகவே திறந்துதான் பார்க்க வேண்டும்.

இனி நேரக் கணக்கு. குளிர்காலத்தில் இத்தாக்கா, சிரக்யூஸ், ஆன் ஆர்பர் போன்ற கிழக்கு நேர ஊர்களைவிட நாம் பத்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். அயோவா சிட்டி, ஆஸ்டின் என்றால் பதினொன்றரை. மார்ச் இரண்டாம் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை முன்னே தள்ளியதும் இரண்டிலும் ஒரு மணி நேரம் குறையும். அவர்களுடைய அலுவலக நேரம் நமக்கு இரவு ஏழரை மணிக்குத் தொடங்கி விடிகாலை நான்கரைவரை போகும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சாவகாசமாக அழைக்கிறார் என்றால் இங்கே இரவு ஒன்றரை, இரண்டு.

ஆகவே பிப்ரவரி முதல் வாரத்திலிருந்து போனைச் சைலன்ட்டில் போட்டுத் தூங்காதீர்கள், அல்லது சைலன்ட்டில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள். இரண்டுக்கும் நடுவே பாதித் தூக்கத்தில் கிடப்பதுதான் வேண்டாம். எடுக்காவிட்டால் இடம் போய்விடாது. எனக்குப் போகவில்லையே. தெரியாத எண்களைத் தானாகவே தடுக்கும் செயலி எதுவும் இருந்தால் அதை மட்டும் அணைத்துவையுங்கள். விண்ணப்பித்த ஊர்களின் ஏரியா கோடுகளைக் குறித்துவைத்துக்கொள்ளலாம்: அயோவா சிட்டி 319, இத்தாக்கா 607, ஆன் ஆர்பர் 734, ஆஸ்டின் 512, சிரக்யூஸ் 315. ஆனால் முழுக்க நம்ப வேண்டாம். ஆசிரியர்கள் தங்கள் சொந்த செல்போனிலிருந்து அழைப்பார்கள், அந்த எண் அவர்கள் எந்த ஊரில் வாங்கியதோ அந்த ஊருடையது.

இந்தக் கணக்கில் ஒரு லாபமும் உண்டு. அங்கே வெள்ளி மாலை என்பது நமக்குச் சனி விடியற்காலை. அதற்குமேல் திங்கள் இரவு ஏழரை மணிவரை எதுவும் வராது. பிப்ரவரி மூன்றாம் திங்கள் அங்கே அதிபர்கள் தின விடுமுறை, பல அலுவலகங்கள் அன்றும் மூடியிருக்கும். ஆகவே சனி, ஞாயிறு மெயிலை ரிஃப்ரெஷ் செய்வதில் அர்த்தமில்லை. நான் அந்த இரண்டு நாளில்தான் கொஞ்சம் எழுதினேன்.

மௌனத்தை எப்படிப் படிப்பது

கிணற்றில் போட்ட கல் மாதிரி ஒரு இடம் மட்டும் பதிலே சொல்லாது. உள்ளே நடப்பது பொதுவாக இப்படி: துறை ஒரு பட்டியல் போடும். முதலில் இருப்பவர்களை அழைக்கும். அவர்கள் யோசிக்க நேரம் கேட்பார்கள். அடுத்த நிலையில் ஒரு சிறு வெயிட்லிஸ்ட். மீதிப் பேருக்கு, துறை அல்ல, முதுகலைப் படிப்புகளைக் கவனிக்கும் கிராஜுவேட் ஸ்கூல் அலுவலகம் ஒரேயடியாகக் கடிதம் அனுப்பும். அதனால்தான் தாமதம். முதல் அழைப்புகள் போய்விட்டன என்று தெரிந்து இரண்டு வாரம் ஆகியும் உங்களுக்கு ஒன்றும் வரவில்லையென்றால் முதல் பட்டியலில் நீங்கள் இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். வெயிட்லிஸ்ட் இன்னும் மிச்சம்.

மார்ச் கடைசிக்கு முன் 'என் விண்ணப்பம் என்ன ஆயிற்று' என்று எழுதாதீர்கள். அதற்குப் பிறகு ஒரே ஒரு மெயில், இயக்குநருக்கு அல்ல, துறை ஒருங்கிணைப்பாளருக்கு. மூன்று வரி போதும்: பெயரும் விண்ணப்ப எண்ணும், முடிவு எப்போது தெரியும் என்ற கேள்வி, நன்றி. வேறொரு இடத்தில் இடம் கிடைத்து அங்கே பதில் சொல்லியாக வேண்டும் என்றால் அதையும் ஒரு வரியில் சேருங்கள். அது நியாயமான காரணம், பதில் வரும்.

இடம் கிடைத்தால்

போனில் நன்றி சொல்லுங்கள், சந்தோஷத்தைக் காட்டுங்கள், 'வருகிறேன்' என்று மட்டும் சொல்லாதீர்கள். 'விவரங்களை எழுத்தில் அனுப்ப முடியுமா?' என்று கேளுங்கள். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். அவர்களே அனுப்புவதாகத்தான் இருப்பார்கள்.

ஏப்ரல் 15 என்ற தேதியை இங்கே தெரிந்துகொள்ள வேண்டும். கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ் என்ற அமைப்பின் தீர்மானம் ஒன்று இருக்கிறது. அதில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள் நிதியுதவியோடு தரும் இடத்துக்கு ஏப்ரல் 15க்கு முன் பதில் சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது. யாராவது 'நாளைக்குள் சொல்லுங்கள்' என்று நெருக்கினால் இந்தத் தேதியைப் பணிவாக நினைவூட்டலாம். ஒரு நிபந்தனை: தீர்மானம் நிதியுதவி உள்ள இடங்களுக்குத்தான். பணமில்லாத வெறும் இடத்துக்கு அவர்கள் வைத்ததுதான் தேதி.

இனி அந்த இரண்டாவது செய்தி. ஃபண்டிங் என்ற ஒரே சொல்லுக்குள் பல பொருள் ஒளிந்திருக்கிறது. கேட்க வேண்டியவை:

- ட்யூஷன் ஃபீ முழுவதும் தள்ளுபடியா, பாதியா?
- ஸ்டைபண்ட், அதாவது செலவுக்குத் தரும் உதவித்தொகை, எவ்வளவு, ஒன்பது மாதத்துக்கா, பன்னிரண்டு மாதத்துக்கா?
- எல்லா வருடமும் உறுதியா, முதல் வருடம் மட்டுமா?
- மருத்துவக் காப்பீடு அவர்கள் செலவா, நம் செலவா?
- ட்யூஷன் தவிர 'ஃபீஸ்' என்று தனியாக எவ்வளவு கட்ட வேண்டும்?
- பருவத்துக்கு எத்தனை வகுப்பு எடுக்க வேண்டும்?

கடைசிக் கேள்வி முக்கியம். பெரும்பாலான இடங்களில் பணம் சும்மா வராது. இளங்கலை முதலாண்டு மாணவர்களுக்குக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுக்க வேண்டும். பருவத்துக்கு ஒரு வகுப்பு என்றால் சமாளிக்கலாம். இரண்டு என்றால் திருத்தும் தாள்களுக்கு நடுவே நாவல் எழுதுவது கஷ்டம். வெளிநாட்டு மாணவர்கள் வகுப்பெடுக்க, பேச்சு ஆங்கிலத் தேர்வில் குறிப்பிட்ட மதிப்பெண் கேட்கும் இடங்கள் பல. டோஃபல் மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஒரு சின்ன ஊரில் ஒன்பது மாதத்துக்கு 22,000 டாலர் தருகிறார்கள் என்று வையுங்கள். அறைவாடகை மாதம் 800 என்றால் வருடத்துக்கு 9,600. சாப்பாடு மாதம் 350, வருடத்துக்கு 4,200. ஃபீஸ் 1,200. காப்பீடு நம் தலையில் விழுந்தால் ஒரு 2,000. மொத்தம் 17,000. மிச்சமிருக்கும் 5,000இல் வரி, குளிர் கோட்டு, போன், ஊருக்கு ஒரு டிக்கெட். இழுத்துப் பிடித்தால் தேறும். இதே 22,000ஐ வைத்துக்கொண்டு நியூயார்க்கில் வாழ முடியாது. வரியில் ஒரு சிறு சலுகை உண்டு: இந்தியாவோடு உள்ள ஒப்பந்தப்படி இந்திய மாணவர்கள், வருமானத்தில் ஒரு நிலையான தொகைக்கு வரி போடாமல் விடும் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் கோரலாம். வேறு பல நாட்டு மாணவர்களுக்கு அது கிடையாது.

ஸ்டைபண்ட் போதாவிட்டால் வெளியே வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடாதீர்கள். மாணவர்களுக்கான எஃப்-1 விசாவில் பருவம் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான். அந்த 20 மணி நேரத்தை வகுப்பெடுக்கும் வேலையே விழுங்கிவிடும். துணைவரைக் கூட்டிப்போனால் எஃப்-2 விசாவில் அவர் வேலைக்கே போக முடியாது.

பணமில்லாமல் இடம் மட்டும் வந்தால்? பெயர் பெரிய பல்கலைக்கழகமாக இருக்கும், வீட்டில் 'லோன் போட்டுடலாம்' என்பார்கள். நான் வேண்டாம் என்றே சொல்வேன். பொறியியல் படிக்கப் போகிறவர் கடன் வாங்குவதும் கதை எழுதப் போகிறவர் கடன் வாங்குவதும் ஒன்றல்ல. படிப்பு முடிந்ததும் வேலை பார்க்க ஓ.பி.டி. என்ற அனுமதி 12 மாதம் கிடைக்கும். அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்கு அதோடு சேரும் 24 மாத நீட்டிப்பு நமக்குக் கிடையாது. ஒரு வருடத்தில் டாலரில் சம்பாதித்து ஐம்பது, அறுபது லட்சம் அடைக்க எந்தச் சிறுகதைத் தொகுப்பும் உதவாது. கிடைத்த இடத்திலேயே ஒருமுறை கேட்டுப் பாருங்கள்: 'உதவித்தொகைக்கு வாய்ப்பு உண்டா? வேறோர் இடத்தில் இவ்வளவு தருகிறார்கள்.' இல்லை என்றால் அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிக்கலாம்.

எங்கே போவது என்று முடிவானதும் மற்ற இடங்களுக்கு அன்றைக்கே 'வரவில்லை' என்று எழுதிவிடுங்கள். இரண்டு மூன்று இடங்களைக் கையில் வைத்துக்கொண்டு பெருமையாக உட்கார்ந்திருப்பவர்களால்தான் வெயிட்லிஸ்ட் நகராமல் கிடக்கிறது.

வெயிட்லிஸ்ட் என்று வந்தால்

இது தோல்வி இல்லை. ஆனால் இலவு காத்த கிளி ஆகிவிடவும் கூடாது. ஒரு பதில் எழுதுங்கள்: இன்னும் ஆர்வமாக இருக்கிறேன், இடம் கிடைத்தால் யோசிக்க எவ்வளவு நேரம் தருவீர்கள், அப்போதும் முழு நிதியுதவி உண்டா? புதிய கதை அனுப்பட்டுமா என்று கேட்காதீர்கள், அவர்கள் கேட்டாலொழிய. பட்டியல் நகர்வது பெரும்பாலும் ஏப்ரல் முதல் இரண்டு வாரத்தில், அதிலும் 15ஆம் தேதியை ஒட்டி. அந்த அழைப்பு வந்தால் ஒருநாள், இரண்டு நாள்தான் தருவார்கள். ஆகவே வீட்டோடு பேச வேண்டியதை முன்பே பேசி முடித்துவிடுங்கள். 14ஆம் தேதி இரவு அப்பாவோடு பணவிவாதம் தொடங்குவது நல்ல யோசனை அல்ல.

எல்லா இடமும் இல்லை என்றால்

முதல் வருடம் எனக்கு அதுதான். கடிதத்தில் காரணம் இருக்காது, கேட்டாலும் சொல்லமாட்டார்கள். அடுத்த முறை நான் மாற்றியது ஒன்றுதான்: அனுப்பும் கதை. முதல் தடவை 'அமெரிக்கர்களுக்குப் புரிய வேண்டும்' என்று சாம்பாருக்கெல்லாம் விளக்கம் எழுதியிருந்தேன். இரண்டாம் தடவை சாம்பாரைச் சாம்பாராகவே விட்டேன். ஏன் படிக்க வருகிறேன் என்று விளக்கும் நோக்க அறிக்கையை இரண்டு வரிதான் திருத்தினேன். விண்ணப்பக் கட்டணமே இடத்துக்கு 50இலிருந்து 100 டாலருக்கு மேல்வரை போகும் என்பதால் ஒன்பதை ஆறாகக் குறைத்தேன், முழு நிதியுதவி தரும் இடங்களை மட்டும் வைத்துக்கொண்டு. கட்டண விலக்கு கேட்டால் தரும் இடங்களும் உண்டு. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

சரி என்று சொன்ன பிறகு

பல்கலைக்கழகம் ஐ-20 படிவம் அனுப்பும். அதிலுள்ள பெயர் பாஸ்போர்ட்டோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று பாருங்கள். பிறகு வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலர், டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவம், விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர். இவை மாறக்கூடியவை, கட்டும் அன்று அதிகாரபூர்வத் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கைரேகைக்கு ஒருநாள், நேர்காணலுக்கு ஒருநாள் என்று தனித்தனி. தமிழ்நாட்டுக்காரர்கள் பெரும்பாலும் ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்திலுள்ள சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கும் இலங்கையில் இருப்பவர்கள் கொழும்புக்கும் போவார்கள். மே, ஜூனில் நேர்காணல் தேதி கிடைப்பது குதிரைக் கொம்பு, ஐ-20 கைக்கு வந்த அன்றே பாருங்கள்.

அங்கே என்னிடம் கேட்டது மொத்தம் மூன்று கேள்வி. என்ன படிக்கப் போகிறீர்கள்? கதை எழுத. அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். அதற்கு யார் பணம் தருகிறார்கள்? ட்யூஷன் தள்ளுபடி, ஸ்டைபண்ட், எத்தனை வருடம் என்று எல்லாம் எழுதியிருந்த அந்தக் கடிதத்தைக் கண்ணாடிக்கு அடியில் நகர்த்தினேன். படித்தார். எதைப் பற்றி எழுதுவீர்கள்? சொன்னேன். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார், விசா உண்டு என்று அர்த்தம்.

டிக்கெட் போடும்போது ஐ-20இல் உள்ள தொடக்கத் தேதியைப் பாருங்கள். அதற்கு 30 நாளுக்கு முன்னால் உள்ளே விடமாட்டார்கள்.